அண்ணாச்சி பதில்கள்: வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால்?

போன இதழில் ஒரு வாசகருக்கு, "துப்பாக்கி லைசென்ஸ் வேண்டுமென்றால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த தபாலைப் பார்த்தால், நம்ம மாவட்டத்தில் இத்தனை பேர் மனசில் துப்பாக்கி இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. அதனால் இந்த முறை சொத்துத் தகராறு, வரப்புத் தகராறு எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இது மட்டும்.

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஒன்றரை ஏக்கர் விளை. மரச்சீனியும் வாழையும் போட்டிருக்கேன். ராத்திரி பன்னிக் கூட்டம் இறங்கினால் காலையில் ஒரு மூடு மிச்சம் இருக்காது. எல்லை தாண்டினால் கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவர் சொன்னாலே சுடலாமாம். நமக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? நாட்டுத் துப்பாக்கியாவது வைத்துக்கொள்ள விடமாட்டார்களா? (ஒரு விவசாயி, கடையாலுமூடு)

உங்கள் கேள்விக்குள் இரண்டு சட்டம் இருக்கிறது, ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் வழக்கில் மாட்டுகிறார்கள்.

முதலாவது 1959-ம் வருடத்து ஆயுதச் சட்டம். அதன் 13-வது பிரிவைப் படித்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்: உண்மையாகவே பயிரைக் காக்க ஒருவர் கேட்டால், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய மாதிரித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் குழலுக்குள் வரி வெட்டாத, வழவழப்பான வேறு வகைத் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். ஆக, விவசாயி துப்பாக்கி கேட்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. மனுவை வாங்கி போலீஸ் அறிக்கை கேட்பார்கள், உங்கள் மேல் வழக்கு இருக்கிறதா, குடித்துவிட்டு ரகளை பண்ணுகிற ஆளா, உண்மையிலேயே விளை இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள், கடைசியில் பெரும்பாலும் இல்லை என்பார்கள். அது வேறு விஷயம்.

ரெண்டாவது 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். கையில் லைசென்ஸ் துப்பாக்கியே இருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. 2022-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது பன்றியை இரண்டாம் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில் வைத்தார்கள். அதனால் "என் துப்பாக்கி, என் விளை, என் மரச்சீனி" என்று கோர்ட்டில் வாதாடிப் பயனில்லை. கேரளம் பன்றியைத் 'தொல்லை விலங்கு' என்று அறிவிக்கச் சொல்லி மத்திய அரசிடம் பலமுறை கேட்டது, அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம்தான் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். அங்கேயும் விளைக்காரர் நினைத்தபோது நினைத்த ஆள் சுட முடியாது. உத்தரவு வேண்டும், சுடுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும், சுட்டதற்குக் கணக்கும் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் அரசு ஒரு முறை கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், மூன்றைத் தாண்டினால் வனத்துறை ஆட்களே சுடலாம். மனுவை கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையாலுமூடு, பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்தில் காடு எங்கே முடிகிறது, எஸ்டேட் எங்கே தொடங்குகிறது என்று நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு விளைக்கு அந்தப் பக்கமும் காடு, இந்தப் பக்கமும் காடு. மூன்று கிலோமீட்டர் என்று கோடு போட்டால் பன்றித் தொல்லை அதிகமாக இருக்கிற மலையோரக்காரர்தான் முதலில் வெளியே நிற்பார். இதை எழுதியவர்கள் சமவெளி மாவட்டத்தை மனசில் வைத்து எழுதியிருப்பார்கள் போல.

என் அபிப்பிராயம் கேட்டால், துப்பாக்கியை விவசாயி கையில் கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். அதற்கு ரப்பர்தான் காரணம். நம்ம ஊரில் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்னாலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து நடக்கிறார்கள். அதே நேரத்தில்தான் பன்றியும் நடமாடுகிறது. இருட்டில், தூக்கக் கலக்கத்தில், செடி அசைகிற இடத்தைப் பார்த்து ஒருவர் குதிரையை இழுத்தால் அங்கே இருப்பது பன்றியா, பக்கத்து வீட்டு அக்காவா என்று யார் சொல்வது? ஆனால் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்கிற அரசு, வனத்துறை ஆளை அனுப்பாமலும் நஷ்ட ஈட்டை வருடக்கணக்கில் இழுத்தடித்தும் இருந்தால் அது அயோக்கியத்தனம். மனுவை எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள், பக்கத்து விளைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். ஒருத்தர் மனு மேசைக்கு அடியில் போய்விடும், முப்பது பேர் மனு அவ்வளவு லேசில் போகாது.

இன்னொன்று. அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த வெடி) வைப்பது, கம்பியில் கரண்டு விடுவது, ரெண்டையும் நினைத்தும் பார்க்காதீர்கள். பன்றிக்கு வைத்தது யானைக்கும், ஆட்டுக்குப் புல் அறுக்கப் போன மனுசருக்கும் போய்ச் சேர்ந்த கதைகளை நான் கோர்ட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். சோலார் வேலி போடுவதானாலும் காட்டை ஒட்டிய இடத்தில் வனத்துறையில் பதிவு செய்த பிறகே போடுங்கள்.

கேள்வி: ஐயா, என் மகள் அமெரிக்காவில் டெக்சாஸ் என்ற இடத்தில் நர்சாக இருக்கிறாள். மருமகன் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்கவேண்டும் என்கிறார். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் ஒளிந்திருக்கப் பயிற்சி கொடுக்கிறார்களாம். எனக்கு ராத்திரி தூக்கமில்லை. அந்த நாட்டில் ஏன் இப்படி? (ஒரு தாய், முளகுமூடு)

அம்மா, உங்கள் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். நேரான பதிலை முதலில் சொல்கிறேன், காரணம் பிறகு.

மருமகன் என்ன விசாவில் இருக்கிறார் என்று மகளிடம் கேளுங்கள். வேலை விசா, சார்ந்திருப்பவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ அந்த நாட்டின் மத்தியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை லைசென்ஸ் எடுத்தவர்கள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்திருந்தால் வாங்கலாம். சுற்றியிருப்பவர்கள் வாங்குகிறார்களே என்று விசாவில் இருப்பவர் வாங்கினால் குற்ற வழக்கும் வரும், குடியேற்றமும் கெட்டுப்போகும். இந்த ஒரு விஷயத்தையாவது இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள். மருமகனிடம் நேரே சொல்ல வேண்டாம், மாமியார் சொன்னால் வாங்கியே தீருவேன் என்று நிற்கிற ஆட்களும் உண்டு. மகள் வழியாகப் போகட்டும்.

ஏன் அப்படி என்று கேட்டீர்கள். அவர்களுடைய அரசியல் சட்டத்தில் 1791-ல் சேர்த்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. அது ஊர்க்காவல் படைக்கான உரிமையா, தனிமனிதனுக்கான உரிமையா என்று ரொம்ப காலம் சண்டை நடந்தது. 2008-ல் ஹெல்லர் வழக்கில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், வீட்டில் தற்காப்புக்கு வைத்திருப்பது தனிமனித உரிமைதான் என்றது. 2022-ல் வீட்டுக்கு வெளியே எடுத்துப்போவதும் உரிமைதான் என்று ஒரு தீர்ப்பு. டெக்சாசில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதான பெரும்பாலானவர்கள் தனி அனுமதி இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துப்போகலாம். இதெல்லாம் எல்லையில்லாத உரிமை என்று அந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. குடும்ப வன்முறைக்காகக் கோர்ட் தடை உத்தரவு போட்ட ஆளிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாம் என்று 2024-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

உரிமை வேண்டும் என்கிறவர்கள் எல்லோரும் வெறியர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. போலீஸ் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகிற பண்ணை வீட்டில் தனியாக இருக்கிற ஒரு பெண் தனக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்றால் அவள் பயம் பொய்யில்லை. இதை மறுக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அந்த நாட்டில் 2021-ல் மட்டும் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் பாதிக்கு மேல் கொலை கிடையாது, தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். 2020 முதல் அங்கே 1 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகள் சாவதற்கு முதல் காரணம் துப்பாக்கிதான், வாகன விபத்தை அது முந்திவிட்டது. திருடனுக்காக வாங்கி வைத்தது திருடன் வராத நாட்களில் எல்லாம் வீட்டிலேயேதான் இருக்கிறது. அந்த வீட்டில் ஒருத்தர் மனசு உடைந்த நாளும் வரும், பிள்ளை அலமாரியைக் கிண்டுகிற நாளும் வரும், புருசன் பெண்டாட்டி சண்டையும் வரும். எனக்கு இந்த விவாதத்தில் முக்கியமாகப் படுவது இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

மருமகன் வாங்கியே ஆவேன் என்றால், தோட்டாவை எடுத்துத் தனியாகப் பூட்டவேண்டும், துப்பாக்கியைத் தனியாகப் பூட்டவேண்டும், சாவி பேத்தி கைக்கு எட்டவே கூடாது. பேத்தி விளையாடப் போகிற வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று மகள் கூச்சப்படாமல் கேட்கவேண்டும். அங்கேயுள்ள குழந்தை மருத்துவர்களே அப்படிக் கேட்கச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் பயிற்சியை நினைத்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேத்தியிடம் அதைப் பற்றிப் பேசுங்கள், அவள் பயந்தால் பயப்படட்டும், யாரிடமாவது சொல்லிப் பயப்பட்டால் நல்லது.

கேள்வி: வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தது அவன் செய்ததிலேயே கறுப்பான செயல் என்று காந்தியே எழுதியிருக்கிறார். ஆனால் சுதந்திர இந்தியாவிலும் அதே சட்டம்தானே? எல்லோர் கையிலும் துப்பாக்கி இருந்தால் ரவுடிக்கும் பயம் இருக்கும், போலீசுக்கும் பயம் இருக்கும். (கல்லூரி மாணவர், தக்கலை)

மக்ளே, காந்தி அப்படி எழுதியது உண்மை. எங்கே எழுதினார் என்பதையும் சேர்த்துப் படி. 1918-ல், முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்கக் குஜராத்தில் ஊர் ஊராக அலைந்தபோது அவர் போட்ட துண்டறிக்கையில் இருக்கிறது அது. ஆயுதச் சட்டம் போகவேண்டுமா, ஆயுதம் பழகவேண்டுமா, இதோ ராணுவத்தில் சேருங்கள் என்பது அடுத்த வரி. வாட்ஸப்பில் முதல் வரி மட்டும்தான் சுற்றுகிறது.

அவர் திட்டிய 1878-ம் வருடத்துச் சட்டம் நிஜமாகவே மோசமானது, இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். அந்தக் கோபத்தில்தான் 1931-ல் கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் அடிப்படை உரிமைப் பட்டியலில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தார்கள். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதே தீர்மானத்தை எடுத்துக்காட்டி, இதை அரசியல் சட்டத்தில் போடுங்கள் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் மறுத்தார். சந்தைக்குப் போய் யார் வேண்டுமானாலும் தாக்கும் கருவி வாங்கலாம் என்றால் அரசு எப்படி நடக்கும் என்பது அவர் வாதம். நம்ம அரசியல் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல் 19-வது பிரிவில் வருகிறது, அமைதியாகவும் ஆயுதம் இல்லாமலும் கூடும் உரிமை என்று. அதனால் இங்கே துப்பாக்கி அனுமதிதான், உரிமை கிடையாது. குடகு நாட்டுக்காரர்களுக்கு மட்டும் பழைய வழக்கத்தை மதித்து லைசென்சிலிருந்து விலக்கு இருக்கிறது, 2019-ல் அதைப் பத்து வருடத்துக்கு நீட்டினார்கள்.

நீ இருப்பது தக்கலை. கொஞ்ச தூரத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, அவர்களில் பிடிபட்ட டிலனாயையே மார்த்தாண்டவர்மா தன் படைக்கு வேலை செய்ய வைத்தார், அந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்த்தார்கள். துப்பாக்கி என்றால் நம்ம ஊருக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல். ஆனால் அது ராஜாவின் துப்பாக்கி, குடிமகனுடையது கிடையாது.

எல்லோரிடமும் இருந்தால் எல்லோருக்கும் பயம் இருக்கும் என்ற உன் கணக்குக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் உள்ள சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடித் துப்பாக்கி, அதாவது ஆள் எண்ணிக்கையைவிட அதிகம். அங்கே ரவுடி பயந்து தொழிலை விட்டுவிட்டானா? 2022 மே மாதம் டெக்சாசில் உவால்டே என்ற ஊரில் ஒரு தொடக்கப்பள்ளிக்குள் 18 வயதுப் பையன் ஒருவன் சட்டப்படி வாங்கின துப்பாக்கியோடு போய் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். அங்கே வந்து குவிந்த ஆயுதம் தரித்த காவலர்கள் 376 பேர். வகுப்புக் கதவைத் திறந்து உள்ளே போக அவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பயிற்சி எடுத்த 376 பேருக்கே அந்த நேரத்தில் கை வரவில்லை, உனக்கும் எனக்கும் பேருந்து நிலையத்தில் வந்துவிடும் என்கிறாய்.

போலீசுக்குப் பயம் வேண்டும் என்றாயே, அதில் எனக்குச் சம்மதம். 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடியவர்களைச் சுட்டார்களே, அது நம்ம மாவட்டம் மறக்கிற விஷயமில்லை. ஆனால் அந்தப் போராட்டம் ஜெயித்தது, 1956 நவம்பர் 1-ல் நாம் இந்தப் பக்கம் வந்தோம். துப்பாக்கி ஏந்திப் போயிருந்தால் சுட்டவர்களுக்குக் காரணம் கிடைத்திருக்கும், நமக்கு மாவட்டம் கிடைத்திருக்காது.

கேள்வி: கப்பல்காரர்கள் தற்காப்புக்கு என்று துப்பாக்கி வைத்துக்கொள்கிறார்கள். கடலில் எங்கள் தற்காப்புக்கு யார்? (மீனவர், தூத்தூர்)

தற்காப்புத் துப்பாக்கி பற்றி உங்கள் கரைக்காரர்களைவிட யாருக்கும் அதிகம் தெரியாது. 2012 பிப்ரவரி 15, நீண்டகரையிலிருந்து போன செயின்ட் ஆன்டனி படகின் மேல் என்ரிக்கா லெக்சி என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டார்கள். கப்பலைக் காக்க வந்த இத்தாலியக் கடற்படை ஆட்கள், கடற்கொள்ளையர் என்று நினைத்தோம் என்றார்கள். இரண்டு பேர் செத்தார்கள், ஒருவர் கொல்லம்காரர், இன்னொருவர் நம்ம இரயுமன்துறைப் பையன். பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2020-ல் அந்தக் கடற்படை ஆட்களை இந்தியா விசாரிக்க முடியாது, இத்தாலி நஷ்ட ஈடு கொடுக்கவேண்டும் என்றது. பத்துக் கோடி ரூபாய் வந்தபின் 2021 ஜூனில் நம்ம உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இறந்தவர் குடும்பங்களுக்கு நாலு நாலு கோடி, படகுக்காரருக்கு ரெண்டு. அதே 2012 ஜூலையில் துபாய் அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் சுட்டு ராமநாதபுரம் மீனவர் ஒருவர் இறந்தார். அதுவும் 'நெருங்கி வந்தார்கள், பயந்தோம்' கதைதான்.

2013-ல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்களே சீமேன் கார்டு ஓகியோ என்ற கப்பல், அதில் 35 பேர், கட்டுக்கட்டாகத் துப்பாக்கியும் தோட்டாவும். கீழ்க் கோர்ட் ஐந்து வருடம் தண்டனை கொடுத்தது, 2017-ல் மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. கடலில் ஆயுதம் வைத்திருப்பதற்குச் சட்டம் எவ்வளவு குழப்பமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நீங்கள் படகில் துப்பாக்கி வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இப்போது 'கொள்ளையர் என்று நினைத்தோம்' என்பது அவர்கள் சொல்கிற சாக்கு. உங்கள் கையில் துப்பாக்கி இருந்தால் அது சாக்காக இருக்காது, சாட்சியாகிவிடும். வயர்லெஸ், இருப்பிடம் காட்டும் கருவி, இரவில் விளக்கு, இதையெல்லாம் அரசிடம் கேட்டு வாங்குங்கள். சுட்டவனைச் சுட்ட இடத்தில் விசாரிக்கும் அதிகாரத்தை விட்டுக்கொடுத்த டில்லியோடுதான் உங்களுக்கு வழக்கு.

கேள்வி: களியக்காவிளையில் காவல் அதிகாரியையே சுட்டுக் கொன்றார்களே. கெட்டவனுக்குத் துப்பாக்கி கிடைக்கிறது, நல்லவனுக்குத்தான் லைசென்ஸ் இல்லை. (வியாபாரி, களியக்காவிளை)

2020 ஜனவரி 8-ம் தேதி இரவு சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் கொல்லப்பட்ட அன்று நம்ம மாவட்டமே உறைந்துபோனது. சுட்டவர்களை உடுப்பியில் பிடித்தார்கள், வழக்கு என்.ஐ.ஏ. என்கிற தேசியப் புலனாய்வு முகமையிடம் போனது. அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடையாது என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நீங்கள் சொல்வதில் பாதி சரி. நான் மேலே சொன்ன அதே மதிப்பீட்டில் இந்தியப் பொதுமக்கள் கையில் சுமார் 7 கோடித் துப்பாக்கி, அதில் பதிவானது ஒரு கோடிகூட இல்லை. அதனால் கள்ளத் துப்பாக்கியை விட்டுவிட்டு லைசென்ஸ்காரனையே நோண்டுவதில் அர்த்தமில்லை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் கள்ளத்தனமாகத் தயாரித்தால் குறைந்தது ஏழு வருடம், ஆயுள் வரை போகலாம் என்று ஆக்கினார்கள், கடத்தலுக்கு அதைவிட அதிகம். தண்டனை இருக்கிறது, எங்கே செய்கிறார்கள், யார் லாரியில் வருகிறது என்று பிடிப்பதில்தான் ஓட்டை.

மற்றப் பாதி தவறு. அந்த அதிகாரி காவல்துறைக்காரர், பயிற்சி எடுத்தவர். எதிரே நடந்து வருகிறவன் சுடத்தான் வருகிறான் என்று தெரியாதபோது யாரிடம் என்ன இருந்தாலும் முதல் தோட்டா அவனுடையதுதான். உங்கள் கடையில் கல்லாவுக்கு அடியில் ஒன்று வைத்திருந்தால் அந்த நிமிசத்தில் அது உங்கள் கையில் இருக்குமா, அவன் கையில் இருக்குமா? தற்காப்பு உரிமை உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளைப் படித்துப் பாருங்கள், அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. தேவைக்கு மேல் அடிக்கக்கூடாது, அவ்வளவுதான். கண்காணிப்பு கேமராவும் நல்ல ஷட்டரும் போடுங்கள், மலிவு.

கேள்வி: தாத்தா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று மச்சில் கிடக்கிறது. லைசென்ஸ் எப்போதோ முடிந்துவிட்டது. தாத்தா இறந்து வருடங்கள் ஆகின்றன. ஆற்றில் போட்டுவிடலாமா? (குழித்துறை)

போடாதீர்கள்! தாமிரபரணியில் மணல் அள்ளுகிறவன் கையில் நாளைக்கு அது சிக்கும், நம்பரை வைத்து உங்கள் வீட்டுக்கே வருவார்கள். தெரிந்தவருக்கு விற்பதும் வேண்டாம், "சும்மா ஒரு போட்டோ" எடுப்பதும் வேண்டாம்.

லைசென்ஸ் முடிந்தாலோ ஆள் இறந்தாலோ தாமதமில்லாமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கவேண்டும், ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு. ஒரு வக்கீலை வைத்து, தாத்தா இறந்த சான்றிதழ், பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தால் அது, கிடைத்த விதம் எல்லாம் எழுதி மனுவோடு போங்கள். தூக்கிக்கொண்டு பஸ்சில் போகவேண்டாம், முதலில் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். குழலுக்குள் தோட்டா இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்க்கவும் வேண்டாம். வாரிசாக உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்கவும் வழி உண்டு. இப்போது ஒருவர் அதிகபட்சம் இரண்டுதான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. புதுப்பிப்பு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. துருப்பிடித்து எந்தக் காலத்திலும் சுட முடியாத பழம்பொருளுக்குச் சட்டம் விலக்குத் தருகிறது, ஆனால் அது சுடுமா சுடாதா என்று முடிவு செய்கிற ஆள் நீங்கள் கிடையாது.

கேள்வி: ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வங்கியில் காவலாளியாக இருக்கிறேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஒப்படை என்கிறார்கள். நான் என்ன குற்றவாளியா? (நாகர்கோவில்)

நாட்டுக்காக நின்றவருக்கு ஸ்டேஷன் வாசலில் வரிசையில் நிற்பது சங்கடமாகத்தான் இருக்கும், புரிகிறது. தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் ஆயுதங்களை யார் ஒப்படைக்கவேண்டும் என்று பார்க்க மாவட்டத்தில் ஒரு குழு உண்டு, வங்கிக் காவலுக்கு என்று இருப்பவர்களுக்கு விலக்குக் கேட்கலாம். வங்கி மேலாளர் கையெழுத்தோடு தேதி அறிவித்த உடனேயே மனு கொடுக்கச் சொல்லுங்கள், கடைசி நாள் வரை தள்ள வேண்டாம். ஒப்படைக்கும்படி ஆனால் ரசீதில் நம்பரும் துப்பாக்கியின் நிலைமையும் எழுதி வாங்குங்கள். முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டுமா? (பறக்கை)

4.5 மில்லிமீட்டர் குழல், குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி உள்ள சாதாரண ஏர்கன்னுக்கு வேண்டாம். ஆனால் உங்கள் ஊர் பறக்கை, பக்கத்தில் சுசீந்திரம் தேரூர்க் குளம். அங்கே கொக்கு, நாரை மேல் குறி பார்த்தால் வனத்துறை வழக்கு நிச்சயம். டப்பாவை வைத்துச் சுடுங்கள், பின்னால் சுவர் இருக்கட்டும்.

கேள்வி: அக்கா மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக் கையில் துப்பாக்கி கொடுத்து வானத்தைப் பார்த்துச் சுடச் சொல்லி ரீல்ஸ் எடுக்கலாம் என்று பையன்கள் கிளம்பியிருக்கிறார்கள். தாய்மாமன் நான் சம்மதிக்கலாமா? (இரணியல்)

கூடாது. 2019-லிருந்து கொண்டாட்டத்தில் அஜாக்கிரதையாகச் சுட்டு ஆளுக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். மேலே போன தோட்டா கீழே வரும், பந்தலில் இருப்பவர்கள் எல்லோரும் உங்கள் சொந்தக்காரர்கள். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் லைசென்சும் போகும். சத்தம் வேண்டுமென்றால் செண்டை மேளம் சொல்லுங்கள், முன்பணம் கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.